தேநீர் நன்றியுடன்

நவம்பர் 14, ஞாயிறு

விடாத மழை. காலையில் இரண்டு காபி. இரண்டாவதில் சர்க்கரை போட மறந்துவிட்டாள் ருக்குமணி. கேட்டால் மறக்கவில்லை, டாக்டர் சொன்னது என்கிறாள்.

பத்து மணிக்கு மகள் வளர்மதி குடையோடு வந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் முகம் இல்லை, வேறு முகம். "அப்பா, நம்ம பதினோராவது வார்ட பெண்கள் வார்டா ஆக்கிட்டாங்க. நான் நிக்கட்டுமா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நகராட்சியில் பத்து வருடம் கவுன்சிலராக இருந்தவன் நான். இந்த வார்டில் யாரைக் கேட்டாலும் என் பெயரோடு தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். தொட்டி தெய்வசிகாமணி. 2007-இல் நான் கொண்டுவந்த தொட்டி. அதன் பிறகு எங்கள் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை.

சீட்டு கொடுப்பது எங்கள் கட்சி நகரத் தலைவர் சம்பந்தம் அண்ணன் கையில். அவரைப் பார்க்க வேண்டும். குடையை எடுத்தேன், திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டேன். ஏன் என்று புரியவில்லை. மழைக்காக இருக்கும்.

நவம்பர் 17, புதன்

சம்பந்தம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல மரியாதை. "வளரு நம்ம வீட்டுப் புள்ள. படிச்ச புள்ள. பேர எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

கிளம்பும்போது, "ஏன் சிகாமணி, உலகநாதன் நம்ம நகராட்சியப் பத்தி ஒரு புத்தகம் போட்டானே, படிச்சிருக்கீங்களா? என் எலெக்‌ஷனப் பத்தி ஒரு அத்தியாயமே இருக்காம். எனக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான். எந்தப் பழைய பேப்பர்காரன்கிட்டப் போச்சோ. யாரையாவது விட்டு ஒண்ணு வாங்கியாரச் சொல்லணும். என் காலை வாரிவிட்ட மூணு பேர் யாருன்னு அதுலயாவது இருக்கான்னு பாப்போம்" என்றார்.

நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்து என் பிரதியை எடுத்தேன். 'முப்பத்துமூன்று நாற்காலிகள்'. எங்கள் மன்றத்தில் முப்பத்துமூன்று வார்டு. உலகநாதன் உள்ளூர் நிருபர். ஓய்வு பெற்றதும் கைக்காசைப் போட்டு ஆறு வருடம் முன்பு வெளியிட்டான். கல்யாண மண்டபத்தில் விழா. வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் கையெழுத்திட்டு இலவசமாகக் கொடுத்தான். என் பிரதியின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'அன்பு அண்ணன் தெய்வசிகாமணிக்கு, தேநீர் நன்றியுடன், உலகநாதன்.' அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை.

141-ஆம் பக்கத்தை இங்கே எழுதி வைக்கிறேன்:

"தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றிருந்த ஆண்டு அது. சம்பந்தத்தின் ஆதரவாளர்கள் பதினெட்டுப் பேரையும் யாரும் விலை பேசிவிடக் கூடாது என்று வேனில் ஏற்றி ஏற்காட்டு விடுதியில் வைத்திருந்தார்கள். எல்லோருடைய செல்போன்களும் ஒரு மஞ்சள் பையில் கட்டி வைக்கப்பட்டன. ஊர் திரும்பும் நாள் விடியும் முன், உறுப்பினர் ஒருவர் பின்படிக்கட்டு வழியாக இறங்கினார். எதிரே தேநீர்க் கடை. அங்கே காசு போட்டுப் பேசும் ஒரு ரூபாய் போன் இருந்தது. கேட்டால், தேநீர் குடிக்கப் போனேன் என்பார். மறுநாள் பெட்டியில் விழுந்தவை பதினைந்தே ஓட்டுகள். அவருக்குப் பெண் பிள்ளை இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்."

நான் பின்படிக்கட்டு வழியாக இறங்கியது உண்மை. தேநீர் குடிக்கத்தான். மலையில், பனியில், ஒரு மனிதன் தேநீர் குடிக்கக் கூடாதா? இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 20, சனி

திருச்சி. பழைய புத்தகக் கடை பாயிடம் போனேன். முகக்கவசம் இந்தக் காலத்தில் நல்ல வசதி. யாருக்கும் யாரையும் தெரியாது. மூன்று பிரதிகள் இருந்தன. இரண்டில் கையெழுத்து.

"கையெழுத்துப் போட்டதுக்கு வெல கூடங்க அய்யா" என்றார் பாய்.

"கையெழுத்துப் போட்டா புத்தகம் அழுக்காயிருச்சுன்னுதானே அர்த்தம்? கொறைச்சுக் குடுங்க."

"நீங்க அரசியல்ல இருந்தவரா அய்யா?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று புரியவில்லை. பேசாமல் கேட்டதைக் கொடுத்து மூன்றையும் வாங்கிக்கொண்டேன். சம்பந்தம் அண்ணன் கைக்கு ஒன்றும் போய்ச் சேரக் கூடாது. அச்சடித்ததே முந்நூறு. கரையான் தின்றது, மழையில் நனைந்தது போக எத்தனை மிஞ்சியிருக்கும்?

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். ஒன்று நான்காவது வார்டு அம்மாவுக்குக் கொடுத்தது. 'தேநீர் நன்றியுடன்.' அந்த அம்மா ஏற்காட்டுக்கே வரவில்லையே! எதிர்க்கட்சி. அவருக்கு எதற்குத் தேநீர்?

நவம்பர் 23, செவ்வாய்

புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ருக்குமணி பார்த்தாள். "ஒரே புத்தகத்த எதுக்கு நாலு வச்சிருக்கீங்க?" என்றாள். நண்பர்களுக்குக் கொடுக்க என்றேன். "ஒங்களுக்கு ஏது நாலு நண்பருங்க?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 28, ஞாயிறு

மறுபடியும் திருச்சி. விலை இரண்டு மடங்கு.

"என்ன பாய், போன வாரம் வேற சொன்னீங்க?"

"போன வாரம் ஒரு ஆளு கேட்டீங்க. இப்ப ரெண்டு ஆளு கேக்குறீங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

இரண்டாவது ஆள் யார்? வயதானவர், கறுப்புக் குடை, பெயர் சொல்லவில்லை, உள்ளதையெல்லாம் எடுத்து வையுங்கள் என்று முன்பணம் கொடுத்திருக்கிறாராம். இந்த வாரம் வந்திருந்த ஒன்றே ஒன்றை இரண்டு மடங்கு கொடுத்து நான் வாங்கினேன். அது முன்னாள் ஆணையருக்குக் கொடுத்தது. அதிலும் தேநீர் நன்றி.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. யாரோ ஒருவன் மொத்தமாகச் சேர்க்கிறான். தேர்தல் நேரத்தில் வார்டு முழுக்க விநியோகிக்கவா? 141-ஆம் பக்கத்தை மடித்து மடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கவா? அப்படியென்றால் அந்த ஆளுக்கு நான்தான் என்று தெரிந்திருக்கிறது. நான்தான் என்றால், அதாவது, நான்தான் தேநீர் குடித்தவன் என்று.

அன்று என் அறையில் என்னோடு படுத்திருந்தவன் மரியசூசை ஒருவன்தான். ஐந்தாவது வார்டு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். நான் திரும்பி வந்தபோது போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்ததிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. பதினைந்து வருடம். அவன் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் பேசவில்லை என்பது என் சொந்த விஷயம்.

டிசம்பர் 2, வியாழன்

நம் ஊர் காயலான் கடையில் ஈரத்தோடு இரண்டு கிடைத்தன. ஒன்று செத்துப்போன தங்கராசுவுக்குக் கொடுத்தது, இருபத்தேழாவது வார்டு. அவன் போன பிறகு வீட்டில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மற்றொன்று யாருக்கு என்று பார்த்தால், சம்பந்தம் அண்ணனுக்கே! 'மதிப்பிற்குரிய அண்ணன் சம்பந்தம் அவர்களுக்கு, தேநீர் நன்றியுடன்.' இதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை, உள்ளே செருகியிருந்த விழா அழைப்பிதழ் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்று புரியவில்லை. தேநீர் என்பது என்னைக் குத்துவதற்காக எழுதியது என்று நினைத்திருந்தேன். எல்லோரையும் குத்துகிறானா? அல்லது யாரையுமே குத்தவில்லையா? ஒரே குழப்பம்.

டிசம்பர் 5, ஞாயிறு

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் பெருக்கியபோது வளர்மதி ஒரு பிரதியை எடுத்துவிட்டாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படிக்கிறாள்.

"நல்ல புத்தகம்பா. மன்றக் கூட்டம் எப்படி நடக்குது, டெண்டர் எப்படி விடுறாங்க, எல்லாம் இருக்கு. இத ஏன் நீங்க எனக்கு முன்னாடியே குடுக்கல?"

"பழைய கதைம்மா."

"அந்த ஏற்காட்டுக் கதை படிச்சேன். இந்தப் புத்தகத்துலயே எனக்குப் பிடிக்காத ஆளு அந்த டீக்காரருதான். எதிர்த்து ஓட்டுப் போடறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போட வேண்டியதுதானே? பதினெட்டுப் பேரோட உக்காந்து பொங்கல் சாப்பிட்டுட்டு..."

"எதுக்குப் போட்டாருன்னு தெரியாம பேசக் கூடாது. அவரு வார்டுக்கு ஏதாவது தேவை இருந்திருக்கலாம்."

"தேவை இருந்தா சொல்லிட்டுப் போடறது. அப்பா, அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். ருக்குமணி காபி டம்ளரை வைத்துவிட்டு, "நான் ஒண்ணும் கேக்கவே இல்ல. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா எதுக்கு இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்றாள். மின்விசிறி ஓடவில்லை, அதனால்தான் வேர்த்தது.

டிசம்பர் 8, புதன்

பாய் போன் செய்தார். ஒரு வக்கீல் வீட்டிலிருந்து ஆறு பிரதிகள் வந்திருக்கின்றன, ஆறும் கையெழுத்துப் போட்டவை, உடனே வாருங்கள். ஓடினேன்.

கடை வாசலில் கறுப்புக் குடை சாத்தியிருந்தது. உள்ளே முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அந்த இடது தோளைச் சாய்த்து நிற்பது ஐந்தாம் வகுப்பிலிருந்து நான் பார்ப்பது.

"சூசை" என்றேன்.

திரும்பினான். கையில் 'முப்பத்துமூன்று நாற்காலிகள்'. என் கையில் வெறும் பை.

"தெய்வா, நீயா அந்த இன்னொரு ஆளு?"

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரம் கெட்டுவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

எதிரே ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். எனக்குக் காபி, அவனுக்கு ஒன்றும் வேண்டாம். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அவன்தான், "என் ரெண்டாவது பொண்ணு சம்பந்தம் அண்ணன் காலேஜ்ல வேல பாக்குது. அவரு அந்தப் புத்தகத்தத் தேடுறாருன்னு சொல்லுச்சு. அதான்" என்றான்.

"அவரு படிச்சா ஒனக்கு என்ன?"

"ஒனக்கு என்னவோ அதான்."

141-ஆம் பக்கத்தில் இருப்பது நான். நான் என்றுதானே இத்தனை நாள் பயந்தேன். இவன் எதற்குப் பயப்படுகிறான்? பின்படிக்கட்டு வழியாக நான் ஏறி வந்தபோது இவன் தூங்கிக்கொண்டல்லவா இருந்தான்?

"அன்னிக்கு நீ என்னைப் பாத்தியா?" என்று கேட்டான் சூசை.

"நீதானே என்னைப் பாத்தே?"

"நான் கீழ எறங்கிட்டு வந்து படுத்து மூடிக்கிட்டப்போ நீ கட்டில்ல இல்ல. என்னைப் பாத்துட்டு நீ அண்ணன்கிட்டச் சொல்லப் போயிட்டேன்னு நெனச்சேன்."

பதினைந்து வருடம்! இவன் என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்க, நான் இவனைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. அவன் மனைவி இறந்தபோது தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

நாளை இருவரும் உலகநாதன் வீட்டுக்குப் போய், யாரைத்தான் எழுதினான் என்று கேட்டுவிடுவது என்று முடிவு; வீட்டில் வைக்கப் பயமாக இருப்பதால் புத்தகப் பைகளும் கையோடு.

டிசம்பர் 9, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

உலகநாதன் மெலிந்துவிட்டான், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. எங்களைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். "ஆறு வருஷமா கேக்க நாதியில்லாம கெடந்துச்சு அண்ணே. இப்ப ஒரு மாசமா பழைய புத்தகக் கடைக்காரங்களே போன் போட்டுக் கேக்குறாங்க! ஊர்ல கிராக்கி வந்துருச்சு. ரெண்டாம் பதிப்புக்குக் குடுத்துட்டேன். அச்சுல இருக்கு" என்றான்.

சூசை என் தொடையில் கிள்ளினான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். அழிக்கப் போனோம், வளர்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

நான்தான் பேச்சை எடுத்தேன். "அந்த ஏற்காட்டு ஆளு யாருப்பா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"இப்பச் சொல்றதுல என்ன இருக்கு. தங்கராசு. புத்தகம் எழுதறப்ப அவரே கூப்புட்டுச் சொன்னாரு, இப்ப ஆளும் போயிட்டாரு."

தங்கராசு! இருபத்தேழாவது வார்டு! எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மார்கழி வெயில் பட்ட மாதிரி ஒரு சுகம். சூசையும் பெருமூச்சு விட்டான். ஒன்றுமில்லாததற்கு எத்தனை அலைச்சல்!

"அப்ப அந்தத் தேநீர் நன்றி?"

"அதுவா? நிருபர் பொழைப்பு என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா. எல்லார் வீட்டுலயும் டீ குடிச்சுத்தானே சேதி வாங்குனேன். அதான் எல்லாருக்கும் அதையே எழுதுனேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு வாயை மூடியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "நான் ஒருத்தன்! இத்தன நாளும் என்னத்தான் எழுதிட்டியோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன். அன்னிக்குக் காலையில நானும் பின்படிக்கட்டு வழியா எறங்குனேன் பாரு. சும்மா டீ குடிக்க!" என்றேன்.

உலகநாதன் நிமிர்ந்தான். "நீங்களும் எறங்குனீங்களா?"

"டீ குடிக்கப்பா."

அப்போது பார்த்து அவன் மருமகள் தட்டில் மூன்று டம்ளர் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் யோசிக்கவே இல்லை. நாற்பது வருடமாக எந்த வீட்டில் நீட்டினாலும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"வேண்டாம்மா. எனக்கு டீ ஒத்துக்காது. காபிதான்."

அந்தப் பெண் தட்டோடு நின்றாள். சூசை தரையைப் பார்த்தான். உலகநாதன் என்னைப் பார்த்தான், பிறகு சூசையைப் பார்த்தான், பிறகு எங்கள் காலடியில் இருந்த இரண்டு பைகளையும் பார்த்தான். பைகள் நிறைய அவனுடைய புத்தகம்.

"மூணு ஓட்டு மாறுச்சு" என்றான் மெதுவாக. "தங்கராசு ஒண்ணு. மத்த ரெண்டு யாருன்னு பதினஞ்சு வருஷமா எனக்குப் பிடிபடவே இல்ல."

தேநீர் ஆறி ஏடு கட்டிவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஒங்க ரெண்டு பேருக்கும் பொண்ணுங்க இருக்கு. பேரு போட மாட்டேன், பயப்படாதீங்க" என்றான். அவன் ஆறுதல் சொன்னானா, வேறு ஏதாவது சொன்னானா என்று இன்னும் விளங்கவில்லை.

டிசம்பர் 10, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 19, ஞாயிறு

வளர்மதிக்குச் சீட்டு உறுதி! சம்பந்தம் அண்ணனே கூப்பிட்டுச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். உலகநாதன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை அவர்தான் வெளியிடுகிறாராம். முதல் பிரதியை வளர்மதி பெற்றுக்கொள்வதாம். வேட்பாளருக்கு நல்ல விளம்பரம் என்று அவருக்கு யோசனை. மகள் துள்ளிக் குதிக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

தேர்தல் நோட்டீசுக்கு வாசகம் நானே எழுதிக் கொடுத்தேன்: 'தண்ணீர்த் தொட்டி தந்த தெய்வசிகாமணியின் மகள்.'

ஜனவரி 2, ஞாயிறு

விழா. அதே கல்யாண மண்டபம். எனக்கும் சூசைக்கும் முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சம்பந்தம் அண்ணன் எங்கள் இருவருக்கும் பொன்னாடை போர்த்தி, "கடைசி வரைக்கும் எங்கூட நின்னவங்க" என்றார். கைத்தட்டல். சூசை பொன்னாடையை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்குச் சிறிதாக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் வளர்மதி புதுப் பதிப்பைப் பிரித்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். 141-ஆம் பக்கமும் வந்தது.

"'உறுப்பினர்கள் மூவர், ஒருவருக்கொருவர் தெரியாமல் இறங்கினார்கள். கேட்டால், தேநீர் குடிக்கப் போனோம் என்பார்கள். மூவருக்கும் பெண் பிள்ளைகள் இருப்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். இவர்களில் ஒருவர் தேநீரே...'"

அதோடு நிறுத்திவிட்டாள். மிச்ச வரியைக் கண்ணால் மட்டும் படித்தாள். புத்தகத்தை மூடி வைத்தாள்.

"என்னடி, பாதியில நிறுத்திட்ட?" என்றாள் ருக்குமணி.

"ஒண்ணுமில்லம்மா. நீயே பாரு."

நான் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் நன்றாக வருகிறது. தொட்டித் தண்ணீர். எங்கள் வார்டில் எந்த வீட்டிலும் இப்படித்தான் வரும். அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. ஆனாலும் உள்ளே திரும்பிப் போகக் கால் வரவில்லை.

ஜனவரி 3, திங்கள்

வளர்மதி காலையிலேயே வந்துவிட்டாள். கூடத்தில் உட்கார்ந்து நோட்டீசைத் திருத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தொட்டி வரியை அடித்துவிட்டாள். 'வளர்மதி, எம்.ஏ., பி.எட்.' என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

"ஏம்மா அத அடிச்சே?"

நிமிராமல் கேட்டாள். "நம்ம தொட்டிக்கு எப்பப்பா உத்தரவு போட்டாங்க? அந்த ஓட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

பதில் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ருக்குமணி அடுக்களையிலிருந்து டம்ளரோடு வந்து என் முன்னால் வைத்தாள். நிறத்தைப் பார்த்தேன். வாசனையும் வேறு. நாற்பது வருடத்தில் இந்த வீட்டில் எனக்கு முதல் முறையாகத் தேநீர். அவள் போகாமல் அங்கேயே நின்றாள். வளர்மதியும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

குடித்தேன், அடி வரைக்கும்.